தயங்கும் கை

1912 ஜனவரியில் ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கே ஒரு முடிவுக்கு வர வேண்டியிருந்தது: மனதை ஒரு மருத்துவரிடம் காட்டுவதா, வேண்டாமா? அப்போது அவருக்கு 36 வயது. ஏட்ரியாட்டிக் கடலோரப் பாறை மேல் நிற்கும் துயினோ கோட்டையில் அந்தக் குளிர்காலத்தை ஏறக்குறைய தனியாகவே கழித்துக்கொண்டிருந்தார். கோட்டையின் சொந்தக்காரியான இளவரசி மரீ அவரை அங்கே தங்கவைத்திருந்தார். 1910-ல் 'மால்டே' நாவல் வெளிவந்த பிறகு எழுத்து நின்றுபோயிருந்தது. உடம்பும் படுத்தியது. பிரிந்து வாழ்ந்த மனைவி க்ளாரா, கெப்சாட்டெல் என்ற மருத்துவரிடம் உளப்பகுப்பாய்வுக்கு, அதாவது மனதில் வருவதையெல்லாம் பேசிப் பேசித் தன்னைப் புரிந்துகொள்ளும் சிகிச்சைக்கு, போய்க்கொண்டிருந்தார். நாமும் போகலாமா என்று ரில்கே யோசித்தார். அந்த மருத்துவருக்கும், தன் பழைய காதலியும் ஆயுள் தோழியுமான லூ ஆந்த்ரியாஸ்-சலோமிக்கும் கடிதங்கள் எழுதினார். லூ வேண்டாம் என்றார். அதே லூதான் அந்த ஆண்டின் இறுதியில் வியன்னாவுக்குப் போய், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டிடம் பாடம் கேட்டார், பின்னால் தானே உளப்பகுப்பாய்வாளரும் ஆனார். கடைசியில் ரில்கே போகவில்லை. என் பேய்களை விரட்டினால் என் தேவதைகளும் கொஞ்சம் மிரண்டுவிடுமே என்பது அவர் சொன்ன காரணம். அந்த மாதமே 'துயினோ எலிஜிகள்' என்ற அவருடைய நீள்கவிதை வரிசையில் முதலாவது பிறந்தது.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் கவிதை எழுதும் நண்பர் ஒருவர். பல மாதங்களாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, யாரிடமும் பேச்சு இல்லை என்று இருந்தார். ஒரு நல்ல டாக்டரைப் பாருங்கள் என்றபோது ரில்கேயை எடுத்து முன்னால் வைத்தார். வலியை எடுத்துவிட்டால் கவிதையும் போய்விடும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். நம் ஊரில் இது பரவலான நம்பிக்கை. கலைஞன் என்றால் வறுமை, குடி, காதல் தோல்வி, கொஞ்சம் பைத்தியம் என்று ஒரு ஜாதகமே எழுதி வைத்திருக்கிறோம். யாராவது சந்தோஷமாக இருந்துகொண்டே நன்றாக எழுதினால் நமக்குச் சந்தேகம் வருகிறது. இந்த நம்பிக்கையால் நல்ல மனிதர்கள் தங்களைக் கவனிக்காமல் விடுகிறார்கள். அதனால்தான் இதை நீளமாக எழுதத் தோன்றியது.

போனவர்களும் இருக்கிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். அமெரிக்கக் கவிஞர் எச்.டி. (ஹில்டா டூலிட்டில்), எழுத்து அடைத்துப்போன நிலையில் 1933-ல் வியன்னாவுக்குப் போய் ஃப்ராய்டின் அறையிலேயே சோபாவில் படுத்துச் சிகிச்சை எடுத்தார். அந்த வீட்டு வாசல் வரை நடைபாதையில் சாக்பீஸால் ஸ்வஸ்திகா வரைந்திருந்ததை அவரே எழுதியிருக்கிறார். அடுத்த உலகப்போரின் குண்டுவீச்சுக்கு நடுவே லண்டனில் அவர் எழுதிய நீள்கவிதைகள்தான் இன்றும் அவர் பெயர் சொல்கின்றன. ஐரிஷ் எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட், அப்பா இறந்தபின் நெஞ்சு படபடத்து இரவுகளில் நடுங்கிப்போய், 1934-லும் 1935-லும் லண்டன் டேவிஸ்டாக் கிளினிக்கில் பியான் என்ற மருத்துவரிடம் சிகிச்சை எடுத்தார். நாம் பெக்கெட் என்று கொண்டாடுவதெல்லாம் அதற்குப் பிறகு எழுதியதுதான். சிகிச்சையால்தான் எழுதினார்கள் என்று நான் வாதிடவில்லை. தேவதைகள் ஓடிவிடவில்லை, அவ்வளவுதான்.

இந்த நம்பிக்கைக்கு ஃப்ராய்டும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். 1907 டிசம்பரில், வியன்னாவில் ஹூகோ ஹெல்லர் என்ற பதிப்பாளரின் அரங்கில், இலக்கியப் படைப்பாளிகளைப் பற்றி ஃப்ராய்ட் ஓர் உரை நிகழ்த்தினார். அதன் தொடக்கம் அற்புதமானது. குழந்தையின் விளையாட்டில்தான் படைப்பின் முதல் தடயத்தைத் தேட வேண்டும் என்கிறார். விளையாடும் குழந்தை தன் உலகத்தை வெகு தீவிரமாக எடுத்துக்கொள்கிறது. விளையாட்டுக்கு எதிர்ப்பக்கம் தீவிரம் இல்லை, நிஜம்தான் என்கிறார். இங்கேயே கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம். ஆனால் உடனே பகல்கனவுக்குத் தாவிவிடுகிறார். வளர்ந்தவன் விளையாட்டை விட்டுவிட்டுப் பகல்கனவு காண்கிறான்; திருப்தியாக இருப்பவன் கனவு காண்பதில்லை, நிறைவேறாத ஆசை இருப்பவன்தான் காண்கிறான்; எழுத்தாளன் அந்தக் கனவுக்கு மெருகு போட்டு நம்மிடம் தருகிறான். குறை இருந்தால்தான் படைப்பு என்ற கணக்கு இப்படித்தான் வந்தது.

அப்புறம் 1910-ல் லியோனார்டோ டாவின்சியின் ஒரே ஒரு சிறுவயது நினைவை வைத்து அவருடைய முழு வாழ்க்கையையும் விளக்கப் பார்த்தார். பிரமிக்கவைக்கும் கட்டுரை அது. ஆனால் நோயாளி சோபாவில் படுத்துக்கொண்டு "இல்லை டாக்டர், அப்படி இல்லை" என்று மறுக்கலாம். 400 வருடங்களுக்கு முன் இறந்த ஓவியருக்கு அந்த வசதி கிடையாது. ஃப்ராய்டுக்கு இது தெரியாமல் இல்லை. 1928-ல் தஸ்தயேவ்ஸ்கியைப் பற்றி எழுதும்போது, படைப்பாளி என்ற புதிருக்கு முன்னால் உளப்பகுப்பாய்வு ஆயுதத்தைக் கீழே போட வேண்டியதுதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். கனவுகளைப் பற்றி அவர் கண்டுபிடித்ததுதான் கலைக்கு அவர் கொடுத்த பெரிய கொடை என்பது என் எண்ணம். இரண்டு மனிதர்களை ஒரே முகத்தில் அடக்குவது, ஒரு பயத்தைத் தூக்கி வேறொரு பொருளின் மேல் வைப்பது என்று நம் மனம் ஒவ்வொரு இரவும் நம்மைக் கேட்காமலே இந்த வேலையைச் செய்கிறது. இதற்கு மேதை தேவையில்லை, தூங்கினால் போதும்.

உளப்பகுப்பாய்வாளர் மெலனி க்ளைன் வேறு திசையில் போனார். 1929-ல் எழுதிய கட்டுரையில் ரூத் க்யேர் என்ற பெண்ணின் கதையைச் சொல்கிறார். ரூத்தை அவர் பார்த்ததில்லை. கரின் மிகேலிஸ் என்ற எழுத்தாளரின் ஒரு கட்டுரையிலிருந்து எடுத்தது. வசதியான, அழகான பெண். ஆனால் உள்ளே ஏதோ ஒரு காலி இடம் இருந்துகொண்டே இருக்கிறது. வீட்டுச் சுவரெல்லாம் ஓவியரான கொழுந்தனாரின் படங்கள். ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர் அதில் ஒன்றை விற்பதற்காக எடுத்துப் போய்விடுகிறார். சுவரில் வெற்றிடம். அந்த வெற்றிடம் தன் உள்ளே இருந்த காலி இடத்தோடு சேர்ந்துகொண்டு ரூத்தைத் தின்னத் தொடங்குகிறது. ஒரு நாள் நானே கொஞ்சம் வரைந்து அதை மூடுகிறேன் என்று ஆரம்பிக்கிறார். வரைந்து முடித்ததைப் பார்த்த கொழுந்தனார், இதை நீ வரைந்தாய் என்றால் நம்பவே மாட்டேன் என்கிறார். அதன்பின் ரூத் வரைந்தவற்றில் ஒரு கிழவியின் படமும் தன் தாயின் படமும் உண்டு. குழந்தை தன் கோபத்தில் மனதுக்குள் அம்மாவைச் சேதப்படுத்திவிடுகிறது, பிறகு அதைச் சரிசெய்யத் தவிக்கிறது. அந்தத் தவிப்புதான் படைப்பின் ஊற்று என்பது க்ளைனின் வாதம். கலையில் பழுதுபார்க்கும் குணம் ஒன்று இருப்பதை இவ்வளவு துணிவாக அதற்கு முன் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் எனக்கு அந்தக் கதையில் வேறு ஓர் இடம்தான் முக்கியமாகப் படுகிறது. படம் போன நாளுக்கும் தூரிகையை எடுத்த நாளுக்கும் நடுவே ரூத் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாரே, அந்த நாட்கள். அவற்றுக்குள் என்ன நடந்தது?

இந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது மேதைகளைப் படித்ததால் அல்ல, சளிக்கும் இருமலுக்கும் வந்த குழந்தைகளைப் பார்த்ததால். டொனால்ட் வின்னிகாட் 1923-லிருந்து 40 வருடங்கள் லண்டனின் பேடிங்டன் கிரீன் குழந்தைகள் மருத்துவமனையில் வேலை பார்த்த டாக்டர். 1941-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. அவருடைய அறை நீளமானது. அம்மாவும் குழந்தையும் ஒரு கோடியிலிருந்து நடந்து அவரிடம் வந்து சேர்வதற்குள்ளேயே அவர் நிறையப் பார்த்துவிடுவார். அம்மா மேஜை ஓரத்தில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொள்வார். குழந்தைக்கு ஐந்திலிருந்து பதின்மூன்று மாதத்துக்குள் இருக்கும். தொண்டையைப் பார்க்கும்போது நாக்கை அழுத்திப் பிடிப்பார்களே, அந்த உலோகத் தகடு ஒன்றைக் குழந்தைக்கு எட்டுகிற மாதிரி மேஜை விளிம்பில் வைப்பார். பளபளவென்று இருக்கும். யாரும் குழந்தைக்கு உதவக் கூடாது, உற்சாகப்படுத்தக் கூடாது, தடுக்கவும் கூடாது. அம்மாவிடம் அவர் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்.

குழந்தை தகட்டைப் பார்க்கும். கை நீளும். பாதி வழியில் நின்றுவிடும். உடம்பு அசையாமல் இருக்கும். பெரிய கண்களை வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்க்கும், டாக்டரைப் பார்க்கும். சில குழந்தைகள் கையை இழுத்துக்கொண்டு அம்மாவின் மேல் முகம் புதைத்துக்கொள்ளும். இதற்கு அவர் வைத்த பெயர் தயக்கக் காலம். அந்த நேரத்தில் தகட்டை எடுத்துக் குழந்தையின் வாயில் திணிக்கப் பார்த்தால் கத்தல்தான், அழுகைதான். ஏழு மாதப் பெண் குழந்தை ஒன்றுக்குச் சரியாக அந்தத் தயக்க நேரத்தில் ஆஸ்துமா இழுப்பு வந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். யாரும் எதுவும் செய்யாமல் காத்திருந்தால் மெல்ல மெல்ல ஏதோ மாறும். வாய் தளரும், எச்சில் ஊறி வழியும். சட்டென்று தகடு வாய்க்குள் போயிருக்கும். அதன்பின் அந்தக் குழந்தையே வேறு. மென்று பார்க்கும், மேஜையில் தட்டிச் சத்தம் எழுப்பும், அம்மாவுக்கும் டாக்டருக்கும் ஊட்டிவிடும். நாம் சாப்பிடுகிற மாதிரி நடித்தால் பூரிப்பு. நிஜமாகவே வாயில் வாங்கிக்கொண்டால் விளையாட்டு கெட்டுப்போகும். கடைசியில் தகட்டைத் தெரியாமல் போடுகிற மாதிரி கீழே போடும். எடுத்துக் கொடுத்தால் வேண்டுமென்றே போடும். தகடு விழும் சத்தத்தில் அதற்கு ஒரு சந்தோஷம். அத்தோடு அந்த விவகாரம் முடிந்தது.

அந்தத் தயக்கத்தை அம்மா திட்டுவாரோ என்ற பயமாக மட்டும் வின்னிகாட் பார்க்கவில்லை. எதையும் எடுத்து வாயில் வைக்கத் தாராளமாக அனுமதி இருக்கிற வீட்டுக் குழந்தைகளும் தயங்கின. அப்படியானால் தடை எங்கே இருக்கிறது? ஆசையும் அதன் மேல் வரும் பயமும் இரண்டுமே குழந்தையின் சொந்தச் சரக்கு. 'இது என் ஆசை, இதை நான் எடுத்துக்கொள்ளலாம்' என்ற இடத்துக்குக் குழந்தை தானாக வந்து சேர வேண்டும். வேறு யாராவது கொண்டுபோய் விட்டால் தகடு கிடைக்கும். அது குழந்தை எடுத்ததாக ஆகாது.

ரில்கேயின் கதையை மறுபடி பார்க்கலாம். நண்பர் சொன்னது முதல் பாதிதான். முதல் இரண்டு எலிஜிகள் துயினோவில் வந்ததும் ஊற்று மறுபடி அடைத்துக்கொண்டது. நடுநடுவே துண்டு துண்டாக ஏதோ வந்தது. ஒரு உலகப்போர் வந்து போனது. பேய்களை விரட்டாமல் பத்திரமாக வைத்திருந்த மனிதருக்கு முழுசாக எழுதி முடிக்கப் பத்து வருடம் ஆயிற்று. 1921-ல் வெர்னர் ரைன்ஹார்ட் என்ற புரவலர் ஸ்விட்சர்லாந்தில் முஸோ என்ற பழைய கோபுர வீட்டை அவருக்காக வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் இருந்தார். சமையல் நடந்தது, விளக்கு எரிந்தது, யாரும் வந்து எத்தனை பக்கம் ஆயிற்று என்று கேட்கவில்லை. 1922 பிப்ரவரியில், சில வாரங்களில், மீதி எலிஜிகள் முடிந்தன. கூடவே சானெட் என்ற பதினான்கு வரிக் கவிதைகள் 55. ஓர் ஆள் அருகே இருக்கிறார், ஆனால் நம்மிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை என்ற நிலையில்தான் தனிமையைத் தாங்கும் திறன் வளர்கிறது என்று 1958-ல் வின்னிகாட் எழுதினார். முஸோ வீட்டை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

நான் சனி, ஞாயிறுகளில் குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். வெள்ளைத் தாளைக் கொடுத்து உனக்குப் பிடித்ததை வரை என்றால் பத்தில் எட்டு குழந்தைகள் ஒரே படத்தைத்தான் வரையும். இரண்டு மலை, நடுவில் சூரியன், மலைக்கு நடுவிலிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னைமரம், வானத்தில் நாலைந்து டிக் குறிகள், அவை பறவைகள். மலையையே நேரில் பார்த்திராத குழந்தையும் வரையும். கை தடுமாறாது, தயங்காது. "மிஸ், முடிச்சிட்டேன்" என்று ஐந்து நிமிடத்தில் நீட்டும். இந்தப் படத்துக்கு எப்போதும் நல்ல பெயர் கிடைக்கும். வின்னிகாட்டைப் படித்த பிறகு எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. வாழ்க்கையில் படைப்புத்தன்மைக்கு எதிராக அவர் நிறுத்துவது இணங்கிப்போவதை: உலகம் என்ன கேட்கிறதோ அதற்குத் தன்னைப் பொருத்திக்கொண்டே போவது. அதில் எதுவுமே பொருட்டில்லை, வாழ்வதில் அர்த்தமில்லை என்ற உணர்வு மெல்ல வந்துவிடும் என்கிறார். இரண்டு மலைப் படத்தில் அந்தக் குழந்தை எங்கேயும் இல்லை.

ஒரு பையன் வந்து சேர்ந்தான். முதல் வகுப்பில் தாளைத் தொடவே இல்லை. அவன் அம்மா வாசலில் நின்றுகொண்டு தவித்தார். "மிஸ், வீட்டுல நல்லா வரைவான் மிஸ். டேய், அந்த மலைப் படம் போடேன்டா." அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன், அவன் இருக்கட்டும் என்றேன். நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில்களைச் சீவிக்கொண்டிருந்தேன். அவன் கிரேயான் பெட்டியைத் திறந்து மூடினான். பழுப்பு நிறத்தை எடுத்து உள்ளங்கையில் உருட்டினான். என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். வகுப்பு முடியப்போகிற நேரத்தில் தாளின் மூலையில் ஒரு வட்டம் போட்டு, அதன் மேலேயே அழுத்தி அழுத்தித் தேய்த்தான். தாள் கிழிந்தது. கிழிந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "எங்க தெருவுல சாக்கடைக்குக் குழி தோண்டியிருக்காங்க மிஸ். அதுதான் இது" என்றான். அடுத்தடுத்த வாரங்களில் அந்தக் குழிக்குள் குழாய் வந்தது, மஞ்சள் நிற ஜேசிபி வந்தது, மழைத் தண்ணீர் நிறைந்தது, எட்டிப் பார்க்கும் ஒரு தலையும் வந்தது. யாருடைய தலை என்று நான் கேட்கவில்லை.

கிறுக்கல் விளையாட்டை நான் வகுப்பில் பயன்படுத்துவதும் வின்னிகாட்டிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான். நான் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு கோடு இழுப்பேன்; குழந்தை அதை ஏதாவது ஒன்றாக மாற்றும். அடுத்து அது கிறுக்கும், நான் மாற்ற வேண்டும். இதில் நன்றாக வரைவது என்ற பேச்சுக்கே இடமில்லை. 1955-ல் ஏழு வயதுப் பையன் ஒருவனோடு வின்னிகாட் இதை ஆடியிருக்கிறார். கிறுக்கல் எதுவாக இருந்தாலும் பையன் அதைக் கயிறாகவே மாற்றினான். சுருக்குக் கயிறு, சாட்டை, யோயோவின் கயிறு, முடிச்சு. விசாரித்தால், வீட்டில் நாற்காலியையும் மேஜையையும் கயிற்றால் கட்டிப்போடுவது அவன் வழக்கமாம். அவனுக்கு மூன்றேகால் வயதில் தங்கை பிறந்தாள், அம்மா விலகிப் போனார். பிறகு மன அழுத்தத்துக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பிரிவைக் கயிற்றால் கட்டி நிறுத்தப் பார்க்கிறான், அவனிடம் இதைப் பேசுங்கள் என்று அம்மாவிடம் சொன்னார் வின்னிகாட். அம்மாவுக்கு முதலில் இது அபத்தமாகத் தோன்றியது. ஆனாலும் பேசிப் பார்த்தார். பையன் பேசத் துடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. கயிறு விளையாட்டு நின்றது. அம்மாவுக்கு மறுபடி உடம்பு சரியில்லாமல் போனபோது திரும்ப வந்தது. எல்லாம் குணமாகிவிட்டது என்று கதையை மூடாமல் அதையும் சேர்த்து எழுதியதால்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை.

இதையெல்லாம் வளர்ந்தவர் ஒருவர் தன் மேலேயே சோதித்துப் பார்த்ததுண்டு. மரியன் மில்னர் உளவியலாளர். வரைய ஆசை, ஆனால் வரையும் எதுவும் உயிரில்லாமல் இருக்கிறதே என்ற குறை. திட்டம் எதுவும் இல்லாமல் கையை அதன் போக்கில் விட்டு வரைந்து பார்த்தார். அழகான நிலக்காட்சி ஒன்றை நினைத்து உட்கார்ந்தால் தாளில் பற்றியெரியும் புதர்க்காடு வந்தது. அப்படி வந்த படங்களையும் அவற்றைப் பற்றிய யோசனைகளையும் வைத்து, 'ஓவியம் வரைய முடியாமல் இருப்பது பற்றி' என்ற பொருளில் தலைப்பிட்டு, 1950-ல் ஜோவன்னா ஃபீல்ட் என்ற புனைபெயரில் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் வெளிக்கோடு பற்றிய பகுதி எனக்கு உயிர். ஒரு பொருளைச் சுற்றி அழுத்தமாகக் கோடு போடும் பழக்கத்தை அவர் விட முயன்றார். இரண்டு ஜாடிகளை, ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் நிழலில் கரைவதை, கண்ணுக்குத் தெரிகிறபடியே வரைந்தார். வரையும்போது தனக்கு வந்தது பயம் என்று கண்டுபிடித்தார். கோடு போய்விட்டால் எது நான், எது ஜாடி, எது நிஜம், எது என் கற்பனை என்ற வேலிகளும் போய்விடுமோ என்ற பயம். கையில் திறமை போதாததால்தான் வரைய வரவில்லை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் இடங்களில், அந்த வேலியை விட்டு வெளியே வரத் துணியாமல்தான் எத்தனையோ பேர் நிற்கிறார்கள். பெரியவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது இதை நான் கண்ணால் பார்க்கிறேன். கையிலிருந்து ஸ்கேலை வாங்கி வைத்துவிட்டால் சிலருக்கு மூச்சே முட்டுகிறது.

நானும் உலகமும் கலந்து நிற்கும் அந்த இடத்துக்கு வின்னிகாட் 1951-ல் 'இடைப்பட்ட பகுதி' என்று பெயர் வைத்தார். பிறகு உலகமெங்கும் பேசப்பட்ட கட்டுரை அது. எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம்: கைக்குழந்தைக்கு ஒரு துணி இருக்கும். என் அக்கா பையனுக்குப் பாட்டியின் பழைய நூல் புடவையிலிருந்து கிழித்த ஒரு துண்டு. அதன் ஓரத்தை மூக்கில் தேய்த்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். எச்சில், பால், மூத்திரம் என்று எல்லா வாசனையும் அதில் இருந்தது. ஒரு நாள் துவைத்துப் போட்டார்கள். அன்று ராத்திரி வீடே விழித்திருந்தது. துவைத்தால் குழந்தையின் அனுபவத்தில் ஓர் அறுபடல் வந்துவிடும் என்று வின்னிகாட் எழுதியிருப்பதைப் பின்னால்தான் படித்தேன். அந்தத் துணி குழந்தைக்கு அம்மாவா, வெறும் துணியா? அதைக் குழந்தை உண்டாக்கியதா, நாம் கொடுத்ததா? இந்தக் கேள்வியைக் குழந்தையிடம் கேட்பதில்லை என்று நமக்கும் அதற்கும் நடுவே எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் இருக்கிறது என்கிறார் அவர். யாரும் கேட்காததால்தான் அந்த இடம் அழியாமல் இருக்கிறது. துணி ஒரு நாள் மறந்துபோகும். ஆனால் அந்த இடம் பரந்து விரிந்து விளையாட்டாக, கதையாக, இசையாக, சாமி கும்பிடுவதாக ஆகிறது. பண்பாடு எங்கே இருக்கிறது என்று 1967-ல் அவர் எழுதிய கட்டுரையின் முகப்பில் தாகூரின் ஒரு வரி நிற்கிறது, எல்லையற்ற உலகங்களின் கடற்கரையில் குழந்தைகள் விளையாடுவதைச் சொல்லும் வரி. இளம் வயதிலிருந்தே அந்த வரி அவர் மனதில் தங்கிவிட்டதாம். அதற்கு என்ன பொருள் என்று விளங்கிக்கொள்ள அவருக்கு அத்தனை வருட மருத்துவ வேலை வேண்டியிருந்தது.

இதனால்தான் வின்னிகாட்டின் பேச்சில் படைப்பு என்பது கலைஞர்களின் தனிச்சொத்தாக இல்லை. 1970-ல் பேசிய ஓர் உரையில் சாசேஜ் என்ற இறைச்சிப் பண்டம் சமைப்பதை உதாரணம் காட்டுகிறார். சமையல் புத்தகத்தில் இருப்பதை வரி பிசகாமல் செய்யலாம். அல்லது இதுவரை உலகில் யாருமே சமைக்காத மாதிரி, தானே யோசித்து யோசித்துச் செய்யலாம். தட்டில் வந்து விழுவது ஒரே மாதிரிகூட இருக்கலாம். ஆனால் சமைத்தவருக்கு இரண்டும் ஒன்றில்லை. முதலாமவர் புத்தகத்துக்கு இன்னும் கொஞ்சம் அடிமையாகிறார். இரண்டாமவர், நான் நிஜமாகவே இருக்கிறேன் என்று உணர்கிறார். சமைக்கும்போது மனதில் வந்ததைக் கண்டு அவரே ஆச்சரியப்படுகிறார்.

வின்னிகாட்டிடம் எனக்கு ஒரு சண்டையும் உண்டு. அவருடைய உலகில் காத்திருப்பது, துவைக்காமல் விடுவது, கேள்வி கேட்காமல் இருப்பது என்று எல்லாமே அம்மாவின் வேலை. அப்பா எங்கோ வாசலுக்கு வெளியே நிற்கிறார். அம்மாவின் சுமை அவருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஒரு தாய் தன் குழந்தையை வெறுப்பதற்கு எத்தனை நியாயமான காரணங்கள் இருக்கின்றன என்று 1949-ல் வரிசையாகப் பட்டியல் போட்டவர் அவர். குறையே இல்லாத அம்மா வேண்டாம், போதுமான அளவு நல்ல அம்மா போதும் என்று சொன்னவரும் அவர்தான். ஆனாலும் அந்த அம்மாவின் தயக்கத்துக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று அவர் போதுமான அளவு கேட்கவில்லை. என் வகுப்பு வாசலில் நின்று "மலைப் படம் போடேன்டா" என்று தவிக்கிற அம்மா, தான் பள்ளியில் படித்தபோது வரைந்து பரிசு வாங்கிய படத்தைத்தான் சொல்கிறார். அவருக்கு வேறு படம் வரைய யாரும் நேரம் கொடுத்ததில்லை. மதியச் சாப்பாட்டுக்கும் மாலைக் காபிக்கும் நடுவே கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் எதையாவது தொடங்க நினைக்கும் பெண்ணுக்கு முஸோ வீட்டைப் பிடித்துக் கொடுக்க ஒரு ரைன்ஹார்ட் வரப்போவதில்லை.

அதனால் இப்போது குழந்தைகளோடு வருகிற அம்மாக்களுக்கும், எப்போதாவது வருகிற அப்பாக்களுக்கும், ஒரு தாளும் கிரேயான் பெட்டியும் கொடுத்து உட்காரவைக்கிறேன். "எனக்கெல்லாம் வராது மிஸ்" என்பார்கள். வராவிட்டால் பரவாயில்லை, சும்மா வைத்திருங்கள் என்பேன். பெரும்பாலானவர்கள் இரண்டு மலையில்தான் தொடங்குகிறார்கள். சிலர் சூரியனுக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, இன்னொரு தாள் கிடைக்குமா என்று கேட்கிறார்கள்.